ஏழு பேர், பதினைந்து கை

மேடையின் நடுநாயகமாக வீற்றிருக்கும் விழாத் தலைவர் அவர்களே, இப்பள்ளியின் ஆட்சிக்குழுவைக் கட்டியாளும் அம்மையார் அவர்களே, இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன்னால் இதே பள்ளியின் கைப்பந்து அணிக்குக் கேப்டனாக இருந்து, நான் தூக்கிக் கொடுத்த பந்துகளில் பாதியை வலைக்குள்ளேயே அடித்த என் ஆருயிர்த் தோழி அவர்களே! இந்த மூவரும் ஒருவரே என்பதால், ஒரே வணக்கத்தைப் பங்கிட்டுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இந்நாள் முதல்வர் அவர்களே, ஏற்றிவிட்ட ஏணிகளாம் ஆசிரியப் பெருமக்களே, படிக்காமல் தேறிய பழைய மாணவர்களே, படித்தும் தேறாத பழைய மாணவர்களே, பரிசு வாங்க வந்து பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைச் செல்வங்களே, பெரியோர்களே, முதல் வரிசைக்குப் பெருமை சேர்க்கும் தாய்மார்களே, அந்தத் தாய்மார்களுக்கு நடுவே அமர்ந்து, என் காலர் மடங்கியிருக்கிறது என்று சைகை காட்டிக்கொண்டிருக்கும் என்னைப் பெற்ற தாயே! சரி செய்துவிட்டேன் அம்மா. கையைக் கீழே போடு.

மூன்றாம் வரிசையில், தூணுக்குப் பின்னால், இந்தப் பல் டாக்டருக்கு அங்கெல்லாம் கண் எட்டாது என்று நம்பி அமர்ந்திருக்கும் முன்னாள் துணை முதல்வர் அவர்களே! கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதையே கண்டுபிடிப்பவள் நான். தூண் எம்மாத்திரம்? உங்களுக்கும் என் தலைதாழ்ந்த வணக்கம்.

ஆம், பல் பிடுங்குவது என் தொழில். பல் டாக்டரை எதற்கு மேடையேற்றினார்கள் என்று பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார். ஐயா, என் தொழிலில் நான் பேசிக்கொண்டே இருப்பேன். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தே வைத்திருப்பார். ஆனால் ஒரு வார்த்தை பதில் பேச முடியாது. மேடைப் பேச்சுக்கு இதைவிடப் பயிற்சி வேறு எங்கே கிடைக்கும்?

இதோ, எனக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சுவரைப் பாருங்கள். நீலத் துணி போர்த்திய பதினொரு சட்டங்கள் தொங்குகின்றன. அந்தத் துணிக்குள் என்ன இருக்கிறது? ஒரு ரகசியம் இருக்கிறது. இருபத்தேழு ஆண்டுகள் ஐந்து பேர் வாய்திறக்காமல் காத்த ரகசியம். கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும்? இன்று வந்திருக்கிறது. தலைவர் அவர்கள் என்னை முறைக்கிறார்கள். முறையுங்கள் கேப்டன். அன்று நீங்கள் செய்த காரியத்தை இன்று நான் போட்டு உடைக்காமல் இறங்கப் போவதில்லை.

அவையோரே, இந்தப் பள்ளியின் பளிங்குப் படியும் பித்தளைக் குமிழும் உங்களுக்குத் தெரியும். அமைச்சர் வீட்டுப் பிள்ளைகளும் ஆலை முதலாளி வீட்டுப் பிள்ளைகளும் ஏறிய அந்தப் படியில், பதினோரு வயதில் நானும் ஏறினேன். என் அம்மா இந்தப் பள்ளிக்குச் சீருடை தைப்பவர். கீழத்தெருவில் கடை, ஒரு தையல் இயந்திரம், ஒரு கண்ணாடி, ஒரு மர நாற்காலி. எங்கள் இனம் வேறு, எங்கள் நிறம் வேறு. ஏழு தலைமுறையாக இதே ஊரில் பிறந்து இதே ஊரில் சாகிறோம். ஆனாலும் உதவித்தொகை என்ற பெயரில் எங்கள் சனத்திலிருந்து ஆண்டுக்கு ஒரு பிள்ளையை எடுப்பார்கள். அந்த ஆண்டு எடுத்தது என்னை.

முதல் நாள் பக்கத்துப் பெஞ்சில் ஒருத்தி கேட்டாள்.

"நீ எந்த ஊரு?"

"கீழத்தெரு."

"அது இல்ல. உண்மையில எந்த ஊரு?"

நானும் யோசித்து யோசித்துப் பார்த்தேன். "உண்மையிலயும் கீழத்தெருதான்" என்றேன். அவள் நம்பவில்லை. ஏழாம் வகுப்பு வரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆண்டு விழா நாடகம் என்றால் எனக்கு ஒரு நிரந்தர வேடம் உண்டு. என்ன வேடம் தெரியுமா? இரவு. அரசன் உறங்குவான், அரசி அழுவாள், நான் இரவாக நிற்பேன். இன்னும் இரண்டு பேரும் இரவாக நின்றார்கள். அவர்களுக்குக் கறுப்புப் போர்வை கொடுத்தார்கள். எனக்கு எங்கே என்று கேட்டேன். "உனக்கு எதுக்கு?" என்றார்கள். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரிக்கத்தான் சொன்னேன். அன்று நான் சிரிக்கவில்லை. கைகழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

போகட்டும். பத்தாம் வகுப்பில் பிறந்தது ஒரு பொற்காலம். பள்ளிகளுக்கு இடையிலான கைப்பந்துப் போட்டியில் இந்தப் பள்ளி அதுவரை முதல் சுற்றைத் தாண்டியதில்லை. எங்கள் அணியில் எட்டுப் பேர். பந்தைத் தூக்கிக் கொடுப்பவள் நான்; அடிப்பவர் இந்தத் தலைவர். ஏறினோம், எகிறினோம், எதிரணியை எல்லைக்கு வெளியே ஓடவிட்டோம். கோப்பை வந்தது. கோப்பையா அது? ஒரு கைக்குழந்தையை உட்கார வைத்துக் குளிப்பாட்டலாம், அவ்வளவு பெரிது. இரண்டு பக்கமும் பிடி.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு மைதானத்தில் புகைப்படம். போட்டோக்காரர் என்னைப் பார்த்து, "நீ ஓரமா நில்லும்மா" என்றார். நின்றேன். "இன்னும் கொஞ்சம்" என்றார். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் அடுத்த பள்ளியின் புகைப்படத்தில் விழுந்திருப்பேன். நடுவில் நின்ற கேப்டன் கோப்பையைத் தூக்கிப் பார்த்தார். முடியவில்லை. தரதரவென்று இழுத்துக்கொண்டு என் பக்கம் வந்துவிட்டார்.

"இந்தக் கனத்தை என்னால தனியாத் தூக்க முடியாது. நீ ஒரு பக்கம் பிடி."

பிடித்தேன். ஒரு பிடி அவர் கையில், ஒரு பிடி என் கையில். "எல்லாரும் காலியா இருக்குற கையெல்லாம் தூக்குங்க, ஒரு கையும் மறையக் கூடாது" என்றார் போட்டோக்காரர். எட்டுப் பேர் தூக்கினோம். எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, அன்றுதான் இந்தப் பள்ளி என் பள்ளி என்று முதன்முதலாகத் தோன்றியது.

ஒரு மாதம் கழித்துப் பள்ளியின் புதிய விளம்பரப் புத்தகம் அச்சாகி வந்தது. பளபளப்பான அட்டை. அட்டையில் எங்கள் அணி. பார்த்தேன். பக்கத்திலிருந்தவளிடம் வாங்கி இன்னொரு பிரதியையும் பார்த்தேன். ஏழு பேர் இருந்தார்கள். கோப்பை இருந்தது. என்னைக் காணோம்.

விளம்பரப் புத்தகத்தையும் நடைக்கூடத்துப் படங்களையும் கவனிப்பவர் துணை முதல்வர். அவரிடம் போய்க் கேட்டேன். முகம் நிறையப் பவுடர் பூசி, முழுக்கைக் கோட்டுப் போட்டு, இடது கையில் எப்போதும் ஒரு கைக்குட்டையைச் சுற்றி வைத்திருப்பார். பிள்ளைகள் அவருக்குப் பவுடர் மேடம் என்றே பெயர் வைத்திருந்தோம். மன்னித்துக்கொள்ளுங்கள் மேடம், அந்தப் பெயர் உங்களுக்கும் தெரியும் என்று எங்களுக்கும் தெரியும்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அந்த ஓரத்துல லைட் சரியில்ல. இருட்டா விழுந்திருந்துச்சு."

பகல் பன்னிரண்டு மணி, அவையோரே. ஊருக்கெல்லாம் ஒரே சூரியன். ஏழு பேர்மேல் விழுந்த வெளிச்சம் எட்டாவது ஆள்மேல் மட்டும் எப்படி விழாமல் போகும்? சூரியனும் இந்தப் பள்ளியில்தான் படித்ததோ?

நான் வாயை மூடிக்கொண்டேன். அடுத்த திங்கட்கிழமை காலை அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம். செய்தித்தாளிலிருந்து எழுத்து எழுத்தாக வெட்டி ஒட்டியது. துப்பறியும் கதையில் வருமே, அதே மாதிரி. பாதிக்கு மேல் பொறுமை போய்விட்டது போலும், மீதியைப் பேனாவால் எழுதியிருந்தது. என்ன எழுதியிருந்தது?

"ஏழு பேர். பதினைந்து கை. எண்ணிப் பாருங்கள்."

பள்ளியே எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அட்டைமேல் விரல் வைத்து எண்ணியது. ஏழு பேருக்குப் பதினான்கு கை போக, கோப்பையின் வலது பிடியில் ஒரு கை மிச்சம். மணிக்கட்டும் நாலு விரற்கடைச் சட்டைக் கையும் மட்டும். அதற்கு மேல் ஆள் இல்லை. என்ன நடந்திருக்கிறது? என்னை வெட்டியிருக்கிறார்கள். வெட்டிக்கொண்டே வந்த கத்தரிக்கோல் கோப்பையருகில் வந்து திகைத்திருக்கிறது. என் கையை வெட்டினால் கோப்பையின் பிடியும் போய்விடும். ஆளை வெட்ட மனம் வந்தது. கோப்பையை வெட்ட மனம் வரவில்லை. ஆள் வேண்டாம், அவள் வாங்கி வந்த கோப்பை மட்டும் வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் காம்பை வெளியே விட்டுவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை உணவறையில் ஒரு காகிதம். "பதினைந்தாவது கை யாருடையது?" புதன்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டம். அப்போதைய முதல்வர் குடையில்லாமல் வெளியே வரமாட்டார், தூறல் விழுந்தது, எழுநூறு பிள்ளைகள் முன்னால் குடையை விரித்தார். உள்ளேயிருந்து ஒரு காகிதம் ஆடி ஆடி இறங்கி அவர் காலடியில் விழுந்தது. "கைக்குச் சொந்தக்காரி எங்கே?" அன்றிலிருந்து அவருக்குக் குடை சார் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அது பேயின் கை என்று முடிவு கட்டிவிட்டார்கள். நடைக்கூடத்தைத் தாண்டும்போது கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஓடினார்கள். அந்தக் கை யாருடையது என்று பெரிய பிள்ளைகளுக்குத் தெரியாதா? தெரியும். ஆசிரியர்களுக்குத் தெரியாதா? தெரியும். எல்லோருக்கும் தெரிந்திருந்தும் யாருக்கும் தெரியாமல் இருக்கும் விந்தைக்குப் பெயர்தான் அவையோரே, நாகரிகம்.

அன்று மதியமே குடை சார் என்னைக் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு உங்கம்மாவைக் கூட்டிட்டு வா. டி.சி. ரெடியா இருக்கும்" என்றார். டி.சி. என்றால் மாற்றுச் சான்றிதழ். அது கைக்கு வந்தால் உதவித்தொகை போச்சு, படிப்பு போச்சு. அம்மாவின் கடையில் பொத்தான் தைக்க வேண்டியதுதான். நான் எதையும் ஒட்டவில்லை. ஒட்டியது யார் என்றும் எனக்குத் தெரியாது. கையில் இருந்தது இரண்டு நாள்.

வியாழன் மதிய இடைவேளையில் நடைக்கூடத்துக்குப் போனேன். "நானும் வரேன், எண்ண ஒரு ஆள் வேணும்ல" என்று கேப்டன் ஒட்டிக்கொண்டார். கணக்குப் பாடத்தில் தொடர்ந்து மூன்று தேர்வில் பூஜ்யம் வாங்கியவர் எண்ணுவதற்கு வருகிறாரே என்று நினைத்தேன். அவர் விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. ஏன் என்று கேட்டேன். தோல் வியாதி என்றார். நானும் நம்பினேன். பதினைந்து வயதில் நான் பெரிய துப்பறிவாளி இல்லை.

அந்த நடைக்கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுப் புகைப்படங்கள். ஓட்டப்பந்தயம், இசைக்குழு, வினாடி வினா. ஒவ்வொன்றாக எண்ணினோம். நாலு பேர், ஒன்பது கை. ஆறு பேர், பதின்மூன்று கை. மூன்று பேர், ஏழு கை. பதக்கத்தைப் பிடித்த ஒரு கை, கேடயத்தைத் தாங்கிய ஒரு கை, புல்லாங்குழலோடு ஒரு கை. எங்கள் படத்தையும் சேர்த்துப் பதினொரு படங்கள். பதினொரு அநாதைக் கைகள். எல்லாக் கையும் என் நிறம். கேப்டன் முதல் படத்திலிருந்து மறுபடியும் எண்ணினார். அவர் ஒரு கணக்கைச் சரிபார்த்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

ஒவ்வொரு கையையும் சட்டைக் கையோடு நோட்டில் வரைந்துகொண்டு சாயங்காலம் அம்மாவிடம் காட்டினேன். அம்மா இயந்திரத்தை நிறுத்தினார்.

"இதெல்லாம் என் தையல்."

"எப்படிம்மா சொல்ற?"

"ஓரத்துல கோடு தெரியுது பாரு. பெரிய வீட்டுப் பிள்ளைங்க வருசா வருசம் புதுசு தைப்பாங்க. நம்ம பிள்ளைங்களுக்கு உதவித்தொகையில ஒரே ஒரு செட்டுதான். அதான் கையை மூணு சுத்து உள்ள மடிச்சுத் தைப்பேன். வளர வளர ஒவ்வொண்ணாப் பிரிச்சு விடுவேன். பிரிச்ச எடத்துல கோடு விழும். எவ்வளவு தேய்ச்சாலும் போகாது."

கடைசிப் படத்தை, அதாவது இருப்பதிலேயே பழைய படத்தை, அம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பதக்கத்தைப் பிடித்த கை. சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது.

"இவளுக்குத்தான் நான் முதமுதலா ஸ்கூல் சட்டை தைச்சேன். எனக்கு அப்ப இருபது வயசு. அவங்கம்மா நம்ம ஆளு, அப்பா அந்தப் பக்கம். தெருக்கோடி வீடு. அளவெடுக்கும்போது அந்த விரலை மறைச்சுக்குவா. படிச்சு முடிச்சுட்டு ஊரை விட்டுப் போனவதான், அப்புறம் எட்டிக்கூடப் பாக்கல. முகம் மறந்துபோச்சு. ஆனா நான் அளவெடுத்த கை எனக்கு மறக்காது."

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. முதல்வர் அறை. மேசைக்குப் பின்னால் குடை சார், பக்கத்தில் துணை முதல்வர், எதிரில் நானும் கழுத்தில் அளவுநாடாவோடு அம்மாவும். அலமாரிமேல் எங்கள் கோப்பை. அதன் பளபளப்பில் என் முகம் தெரிந்தது. அட்டையில் இல்லாத முகம்.

"நோட்டீஸ் ஒட்டினது நீதானே?" என்றார் குடை சார்.

"இல்ல சார்."

"உன் கையைப் பத்தித்தான எழுதியிருக்கு. வேற யாருக்கு இதுல அக்கறை?"

"அப்ப அது என் கைன்னு ஒத்துக்கிறீங்களா சார்?"

"பேச்சை மாத்தாத" என்றார்.

அப்போது கதவு தடாலென்று திறந்தது. யார்? இதோ, இந்த நாற்காலியில் ஒன்றும் அறியாதவர் போல் உட்கார்ந்திருக்கிறாரே, இவர்தான்.

"சார், ஒட்டினது நான்."

"உனக்குத்தான் எண்ணவே வராதேம்மா" என்றார் குடை சார்.

"கஷ்டமாத்தான் இருந்துச்சு சார். ரெண்டு நாள் எண்ணினேன்."

பையைக் கவிழ்த்தார். பசைப் புட்டி விழுந்தது, கத்தரிக்கோல் விழுந்தது, சல்லடை போல் ஓட்டை விழுந்த செய்தித்தாள் விழுந்தது. கணக்கில் பூஜ்யம் வாங்கிய இந்த மகராசி வாழ்நாளில் சரியாகப் போட்ட ஒரே கணக்கு அது. குடை சார் என்ன சொன்னார் தெரியுமா? "இவ உன்னை மிரட்டி இப்படிச் சொல்ல வச்சிருக்கா. உங்கப்பா ஆட்சிக்குழுவுல இருக்காரு. இதுல எல்லாம் நீ மாட்டிக்காத. போய் கிளாஸ்ல உட்காரு." கேப்டன் நகரவில்லை.

கேட்டீர்களா அவையோரே இந்த நீதியை? மறுத்தவளையும் நம்பவில்லை, ஒப்புக்கொண்டவளையும் நம்பவில்லை. பசை ஒருத்தி கையில், பழி ஒருத்தி தலையில். ஆதாரம் மேசைமேல் கிடக்கிறது. அதைவிடப் பெரிய ஆதாரமாக என் தோல் அவர் கண்ணில் படுகிறது. நிறவெறி என்றால் ஏதோ கொம்பும் பல்லும் வைத்துக்கொண்டு வரும் என்று நினைக்காதீர்கள். அது கண்ணாடி போட்டுக்கொண்டு, குடை பிடித்துக்கொண்டு, நிதானமாகப் பேசிக்கொண்டு வரும்.

"டி.சி.யில குத்த ஸ்கூல் சீல் எடுங்க மேடம்" என்றார் குடை சார். துணை முதல்வர் இழுப்பறையைத் திறந்தார். அதன் விளிம்பில் கோட்டின் கை மாட்டி நூல் சர்ரென்று பிரிந்தது. என் அம்மாவை உங்களுக்குத் தெரியாது. வீடு பற்றி எரிந்தாலும், அணைக்க வந்தவரின் சட்டையில் பொத்தான் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். மகளுக்கு டி.சி. கொடுக்கப் போகிறார்கள், அம்மா தன் காலரில் குத்தியிருந்த நூல்கோத்த ஊசியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"மேடம், கை பிரிஞ்சு போச்சு. காட்டுங்க, ரெண்டு தையல் போட்டாப் போதும்."

"வேணாம்" என்றார் துணை முதல்வர். அம்மா அதற்குள் கையைப் பிடித்துவிட்டார். கைக்குட்டையை ஒதுக்கினார். அப்படியே நின்றார். நான் எட்டிப் பார்த்தேன். சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது.

அம்மா கத்தவில்லை. கைநீட்டிக் காட்டிக்கொடுக்கவில்லை. பிரிந்த நூலைச் சுருட்டி உள்ளே தள்ளி, ஒரு தையல் போட்டார், இரண்டாவது தையல் போட்டார், பல்லால் நூலைக் கடித்து அறுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இந்தக் கைக்கு நான் முன்னாடியே தைச்சிருக்கேன்." நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தார்.

"நல்லா இருக்கியாம்மா?"

அவ்வளவுதான். அந்தப் பவுடரில் இரண்டு பாதை விழுந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் யாரும் அவரிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை போலும்.

"சார், சீல் வேணாம்" என்றார் அவர். "நடைக்கூடத்துல பதினொரு கை இருக்கு. முதல் கை என்னோடது."

"என்ன மேடம் சொல்றீங்க?"

"இங்க படிச்ச பொண்ணு நான். கல்யாணத்துக்கு அப்புறம் வேற பேர்ல வந்தேன். பழைய போட்டோவெல்லாம் என் பொறுப்புல விட்டீங்க. முதல் நாள் அலமாரியைத் திறந்தா ஒரு கவர். வெட்டிப் போட்ட துண்டெல்லாம் அதுல இருந்துச்சு. மேல இருந்தது என் முகம். பயந்துட்டேன் சார். யாருன்னு தெரிஞ்சா மறுபடியும் வெட்டிடுவீங்கன்னு பயம். அப்புறம் நீங்க வெட்டச் சொன்னப்போ எல்லாம் நானே வெட்டினேன். கடைசி அஞ்சு படம் என் கைவேலை. இந்தப் பொண்ணுக்கு டி.சி.ன்னா எனக்கும் ஒண்ணு எழுதுங்க."

குடை சார் மேசைமேல் இருந்த டி.சி.யைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். மனம் மாறினாரா? இல்லை ஐயா. விஷயம் ஊருக்குத் தெரிந்தால் பள்ளியின் மானம் போகும் என்று கணக்குப் போட்டார். "இந்தப் பேச்சு இந்த ரூமைத் தாண்டக் கூடாது. தாண்டலைன்னா எல்லாரும் இங்கயே இருக்கலாம்" என்றார். நாங்கள் நாலு பேரும் தலையாட்டினோம்.

ஆம், நானும் ஆட்டினேன். அதைச் சொல்லாமல் இறங்கினால் இந்த மேடை என்னை மன்னிக்காது. எனக்குப் படிப்பு வேண்டியிருந்தது; அதற்கு விலையாக வாயை மூடிக்கொண்டேன். ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்லும் நான், இருபத்தேழு ஆண்டுகள் என் வாயைத் திறக்கவில்லை. அவர் பயந்தார் என்று பேச எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை துணை முதல்வர் பவுடர் இல்லாமல் வந்தார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் புது டீச்சர் என்று நினைத்து எழுந்து நின்று பெயர் கேட்டார்கள். அடுத்த ஆண்டு விளம்பரப் புத்தக அட்டையில் பள்ளிக் கட்டடத்தின் படம் மட்டும் போட்டார்கள். கட்டடத்துக்குக் கை கிடையாது பாருங்கள்.

இப்போது கேட்பீர்கள். பழைய கதை, புண் ஆறிவிட்டதே, கிளறுவானேன்? சொல்கிறேன். இன்று மாலை ஐந்து மணிக்கு, அழைப்பிதழில் சிறப்பு விருந்தினர் என்று பொன்னெழுத்தில் அச்சிடப்பட்ட நான், இந்தப் பள்ளியின் பெரிய வாசலில் வந்து இறங்கினேன். காவலர் கையை நீட்டித் தடுத்தார். "சமையல் ஆளுங்க பின்வாசல் வழியா போங்கம்மா" என்றார்.

யாரும் எழுந்திருக்க வேண்டாம். அவரைத் தேடவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். சமையல் செய்பவர் எந்த வகையில் குறைந்தவர், அவர் ஏன் பின்வாசலில் போக வேண்டும் என்பது அடுத்த கேள்வி. அதையும் தலைவர் குறித்துக்கொள்ளட்டும். அந்தக் காவலர் தினமும் அந்த நடைக்கூடத்தில் நடக்கிறார். சுவரில் இருக்கும் முகங்களையெல்லாம் பார்க்கிறார். அந்தச் சுவரில் நான் இல்லை. இல்லாத என்னை அவர் எப்படி அடையாளம் காண்பார்? எங்களை வெட்டச் சொன்னவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வெட்டிய படம் மட்டும் இன்றுவரை வாசலில் நின்று காவல் காத்தது.

மூன்று மாதம் முன்பு கேப்டன் ஆட்சிக்குழுத் தலைவரானார். மறுநாளே துணை முதல்வர் அவர் வீட்டுக்குப் போனார். கையில் ஒரு பிஸ்கட் தகர டப்பா. உள்ளே பதினொரு துண்டுகள். வெட்டினார், ஆனால் எறியவில்லை. வீடு மாறியபோதெல்லாம் கூடவே எடுத்துப் போயிருக்கிறார். "சேத்து ஒட்டிடுங்கம்மா, நீங்கதான் நல்லா ஒட்டுவீங்களே" என்றாராம். போட்டோ கடைக்காரர், வெட்டிய கோடு தெரியாமல் கணினியில் அழித்துத் தருகிறேன் என்றார். என் அம்மா விடவில்லை.

"கோடு இருக்கட்டும் தம்பி. பிரிச்ச கோடு தெரிஞ்சாதான் எவ்வளவு வளந்திருக்குன்னு தெரியும்."

ஆகவே அவையோரே, என் பேச்சு முடிகிறது. துணி விலக வேண்டும். விலக்க வேண்டிய கை என்னுடையது அல்ல. முன்னாள் துணை முதல்வர் அவர்களே, மேடைக்கு வாருங்கள். தலையாட்டுகிறார், வரமாட்டாராம். தூணைப் பிடித்துக்கொண்டுவிட்டார். அம்மா, உன்னால்தான் முடியும். ஆ, எழுந்துவிட்டார். அறுபத்தொன்பது வயதில் என்ன வேகம் பாருங்கள். வழி விடுங்கள், பிள்ளைகளே. பிடித்துவிட்டார். கையைப் பிடித்துக் கூட்டி வருகிறார்.

மேடம், பார்த்து ஏறுங்கள். கைக்குட்டையை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். அந்தக் கையாலேயே இழுங்கள்.

பாருங்கள் அவையோரே. முதல் படத்தில், பதக்கத்தோடு, பதினாறு வயதில், சிரித்துக்கொண்டு நிற்கும் இந்தப் பெண் யார் என்று தெரிகிறதா? அழாதீர்கள் மேடம். அம்மா, நீயும் ஆரம்பிக்காதே. சரி, இரண்டு பேரும் அழுதுவிட்டு வாருங்கள், நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளைகளே, கடைசிப் படத்தைப் பாருங்கள். ஓரத்தில் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம், காதுவரை வாயைத் திறந்து நிற்பது நான்தான். பல் டாக்டர் ஆவதற்கு முன்பு எடுத்தது, பல்லைப் பற்றிப் பேசாதீர்கள். இப்போது சத்தமாக எண்ணுங்கள். தலைவர் அவர்களே, நீங்கள் எண்ண வேண்டாம், நமக்கு நேரமில்லை. ஒன்று, இரண்டு, மூன்று... நன்றாகக் கேட்கட்டும், வாசலில் நிற்பவருக்கும் கேட்கட்டும். ...பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து.

பதினாறு.

எட்டுப் பேர், பதினாறு கை. வாய்ப்பளித்த தலைவருக்கும், பசியைப் பொறுத்த பிள்ளைகளுக்கும், மடித்துத் தைத்த தாய்க்கும், எறியாமல் வைத்திருந்த ஆசிரியைக்கும் என் நன்றி. அந்தப் படத்தில் உயர்ந்திருக்கும் அதே இரண்டு கைகளையும் கூப்பி விடைபெறுகிறேன். வணக்கம்.